ஒன்று என்று யாரும் சொல்லவில்லை

பாலிநகரில் காலபோக வெட்டு.
இரவு பெய்த மழையில்
வாய்க்கால் ஓரம் சில்லுப் புதைய நின்றது சுனாமி.
பெரிய வெட்டு மிசினுக்கு இங்கே அதுதான் பெயர்.
முல்லைத்தீவில் தமக்கையைக் கடலுக்குக் கொடுத்த
கதிரவேலியும் அப்படித்தான் சொல்லுவார்:
"நாளைக்குச் சுனாமி வரும், வரம்பை வெட்டி வை."

மிசின்காரன் சுசந்த, மதவாச்சி.
ஏற முன்னம் செருப்பைக் கழற்றினான்.
சேற்றைத் தொட்டு நெற்றியில் வைத்தான்.
பிறகு மேலே போய்
பைலாவைச் சத்தமாய்ப் போட்டான்.

காணி செவனம்மாவுடையது.
எழுபத்தேழில் தாயின் இடுப்பில் இருந்தபடி
இரத்தினபுரிப் பக்கமிருந்து வந்தவள்.
ஒரு கொழுந்தையும் அவள் கிள்ளியதில்லை.
ஆனாலும் முதல் கதிர் சரிந்தபோது
மலையில் முதல் கொழுந்துக்குச் சொல்வதைச் சொன்னாள்:
பொலி, பொலியோ பொலி.
மிசின் இரைச்சலில் அது
அவளுக்கும் எனக்கும் மட்டும் கேட்டது.

என் வேலை எழுதுவது.
சங்கக் கடையில் கணக்கெழுதுகிறவள் என்பதால்
போகத்துக்குப் போகம் கூப்பிடுவார்கள்.
சாக்குக்கு ஐந்து ரூபாய், ஒரு பிளேன்ரீ.

லொறி, எருக்கலம்பிட்டி அஜ்வாத் நானாவுடையது.
சின்ன வயதில் ஊரை விட்டுத் துரத்தப்பட்டு
புத்தளத்தில் உப்பு அள்ளி
திரும்பி வந்து நெல் வாங்குகிறவர்.

மூன்று குவியல். குவியலுக்கு ஒருவர் எண்ணினார்.
முதல் சாக்கைத் தூக்கிவிட்டு
"பரக்கத்து" என்றார் நானா.
"லாபாய்" என்றான் சுசந்த.
"லாபம்" என்றார் கதிரவேலி.
ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுவிடுமாம்.
இரண்டிலிருந்துதான் இலக்கம்.

கேட்டதைக் கேட்டபடி எழுதினேன்.
கூட்டிப் பார்த்தால் நூற்றிப் பதினேழு.
நானாவின் கைபேசியில் நூற்றிப் பதினான்கு.
பரக்கத்தை அமத்த அதில் பொத்தான் இல்லை.

"திருப்பி எண்ணுவம்."
"எண்ணினதை எண்ணினாப் பொலி குறையும்," செவனம்மா.
"எண்ணாட்டி என்ர காசு குறையும்."
சிரித்தார்கள்.
சுசந்தவுக்குச் சிங்களத்தில் சொன்னேன்.
அவன் பிந்திச் சிரித்தான்.

இந்த முறை ஒரே வாய், ஒரே கணக்கு, நான்தான்.
ஈரச் சாக்கில் கையை வைத்தேன்.
வாய் திறந்தது. சொல் வரவில்லை.

ஓமந்தையில் என் தலையில் கையை வைத்தவன்
"எக்காய்" என்றான்.
எனக்குப் பன்னிரண்டு வயது.
அம்மா, தெக்காய்.
துனாய், எங்களுக்குப் பின்னால் நின்ற யாரோ.
அவன் பிழையாய் எண்ணவில்லை.
எங்கள் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தது அவ்வளவுதான்.
அவனும் நெல் விளையும் ஊரில் பிறந்திருக்கலாம்.
அவனுடைய தகப்பனும் களத்தில்
லாபாய் என்று தொடங்கியிருக்கலாம்.
சிங்களத்திலும் அப்படி ஒரு சொல் இருப்பது
இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
பதினைந்து வருசமாய் என்னிடம் இருந்தது
மற்றச் சொல்.

"என்ன பிள்ளை, நித்திரையோ?" என்றார் கதிரவேலி.

லாபம், என்றேன்.
சாக்குக்கு மற்றப் பக்கத்தில்
சுசந்த தலையை ஆட்டினான்.
இரண்டு. மூன்று. நாலு.
இருபதுக்குப் பிறகு
குரல் தன்பாட்டில் போனது.

"முடிஞ்சுதோ?"
செவனம்மா முறைத்தாள்.
களத்தில் அந்தச் சொல்லும் ஆகாது.
"நிறைஞ்சுதோ?" என்று திருத்திக் கேட்டேன்.

நூற்றிப் பதினாறு.
யாருடைய கணக்கோடும் ஒத்துவரவில்லை.
மழை தூறத் தொடங்கியது.
படங்கை இழுத்து மூடினார்கள்.
சுனாமி பின்பக்கமாய் வரம்பேறி
அரைவாசி வாய்க்காலை உடைத்துக்கொண்டு போனது.

நானா மடியை அவிழ்த்து
நூற்றிப் பதினேழுக்கே காசை எண்ணினார்.
முதல் தாளுக்கு மட்டும்
உதடு அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை.
பிறகு சத்தமாய், இரண்டு.